இலவச ஆப்புக்கும் விலைப்பலகை வேண்டும்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமை ஆணையர் அவர்களுக்கு,

மணப்பாறை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் 2009-ஆம் ஆண்டிலிருந்து ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுவது எல்லாம் உண்டு. இரண்டு வருடமாக இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பலகை எழுதி மாட்டவில்லை, கூலியும் வாங்குவதில்லை. "அண்ணே, கணக்குல காசு தன்னால போயிக்கிட்டே இருக்கு, என்னன்னு பாருங்க" என்று போனை நீட்டுகிறவர்களுக்கு, எந்த ஆப் எடுக்கிறது என்று தேடிப் பிடித்து நிறுத்திக் கொடுக்கும் வேலை. பிடித்துக் காட்டியதும் எல்லாரும் ஒரே பேச்சைத்தான் சொல்வார்கள்: "அது ஃப்ரீ ஆப்புண்ணே!"

2025 ஜூனில் உங்கள் ஆணையம் மின்வணிகத் தளங்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. வாங்குபவரை ஏமாற்றி மடக்கும் திரை அமைப்புகள் தங்களிடம் இருக்கின்றனவா என்று மூன்று மாதத்துக்குள் அவர்களே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்றது அது. நவம்பரில், 26 தளங்கள் தங்களிடம் அப்படி எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. எங்கள் ஊர்ச் சந்தையில் காய்கறி விற்பவர் தன் தராசுக்குத் தானே முத்திரை குத்திக்கொள்ள முடியாது. தொழிலாளர் துறை அதிகாரி எடைக்கல்லைச் சோதித்துத்தான் முத்திரை வைப்பார். முத்திரை இல்லாத தராசு பிடிபட்டால் அபராதம். இரண்டு கிலோ தக்காளி நிறுக்கும் தராசுக்கு இருக்கிற கண்டிப்பு, அடுத்தவர் வங்கிக் கணக்கில் கை வைக்கும் திரைக்கு ஏன் இல்லை? எழுதிக் கொடுத்த 26-ம் பெரும்பாலும் பொருள் விற்பவை, சாப்பாடும் மருந்தும் கொண்டுவருபவை, பயணச்சீட்டு போடுபவை. என் கடைக்கு வரும் போன்களில் காசு எடுப்பவை வேறு வகை. அந்த வகையைப் பற்றித்தான் இந்த மடல்.

முறுக்கு சுற்றும் ஓர் அக்காவுக்கு நடந்ததை விரிவாகச் சொல்கிறேன். பெயர் போடாமல் எழுதச் சம்மதித்தார்.

விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் மத்தியானம் வரை அவருக்கு இடுப்பை நிமிர்த்த நேரம் இருக்காது. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாயும்போது போன் பார்ப்பார். அப்படி ஒருநாள் வந்தது ஒரு விளம்பரம். ஒன்றரை நிமிடக் கதை. மாமியார் மருமகளை மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிற இடத்தில் நின்றுவிட்டது. மேலே பார்க்க ஆப்பை இறக்குங்கள், இலவசம் என்றது. இறக்கினார். சில பகுதிகள் இலவசமாகவே ஓடின. அப்புறம் ஒரு பூட்டுப் படம் வந்து, கீழே பெரிதாக "₹1 மட்டும்" என்றது. ஒரு ரூபாய்தானே என்று தொட்டார். யுபிஐ திரை வந்தது, ரகசிய எண்ணைப் போட்டார். இரண்டு ராத்திரி பார்த்தார். "கடைசில அந்த மருமகதான் பெரிய கோடீஸ்வரின்னு வரும்ணே, அது எனக்கு மொத நாளே தெரிஞ்சுபோச்சு" என்று என்னிடம் சொன்னார். மூன்றாம் நாள் ஆப்பை அழித்துவிட்டார்.

நாலு மாதம் கழித்து, மகளிர் குழுக் கடன் தவணை கட்டப் போன அன்று கணக்கில் பணம் போதவில்லை. அது மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் வந்து விழும் கணக்கு. பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்தால், மாதம் தவறாமல் 199 ரூபாய் போயிருக்கிறது. நாலு மாதத்துக்கு 796. அரசாங்கம் மாதா மாதம் கொடுக்கிற ஆயிரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அவர் பார்க்காத கதைக்கு.

"ஆப்பையே அழிச்சிட்டேனேண்ணே, அப்புறம் எப்படி எடுப்பான்?" என்று கேட்டார். இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒரு தடவையாவது என் காதில் விழுகிறது. பால்காரரிடம் வேண்டாம் என்று சொல்லாமல் கதவை மட்டும் சாத்திக்கொண்டால் பால் பை வாசலில் விழுந்துகொண்டேதான் இருக்கும். ஆப் என்பது போனில் இருக்கும் படம். காசு எடுக்கும் அனுமதி வங்கிப் பக்கம் இருக்கிறது. படத்தை அழித்தால் அனுமதி அழியாது. எனக்கு இது தெரியும். ஆனால் அழிக்கும்போது "உங்கள் சந்தா இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது" என்று அவருக்குத் தமிழில் சொன்னவர் யாரும் இல்லை.

சரி, தேடலாம் என்று உட்கார்ந்தோம். முதலில் பிளே ஸ்டோரில் சந்தாக்கள் என்ற பக்கத்தைத் திறந்தேன். காலியாக இருந்தது. அந்த ஆப், பிளே ஸ்டோர் வழியாகக் காசு வாங்காமல் மாதா மாதம் தானாகக் காசு எடுக்கும் யுபிஐ ஆட்டோபேயை நேராகப் போட்டிருக்கிறது. அக்காவின் போனில் இரண்டு யுபிஐ ஆப்கள். முதலாவதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் முகப்புப் படத்தைத் தொட்டு, உள்ளே போய், கீழே தள்ளி, ஆட்டோபே என்ற இடத்துக்கு வந்தால் ஒரு கம்பெனிப் பெயர் இருந்தது. ஆப்பின் பெயருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தொகை, நாள் இரண்டையும் வைத்துத்தான் இதுதான் அது என்று முடிவு செய்தேன்.

அந்த அனுமதி முடியும் தேதியைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2054. அக்காவுக்கு இப்போது 43 வயது. 72 வயது வரை மாமியார் கதை பார்ப்பதாக ஒரு ரூபாயில் ஒப்பந்தம் போட்டிருக்கிறார். ரத்து செய் என்பதைத் தொட்டேன். ரகசிய எண் கேட்டது. நாலு தடவை காசை எடுக்கும்போது கேட்காத எண்ணை, நிறுத்தும்போது கேட்டது.

போன பணத்துக்கு அந்தக் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். ஆங்கிலத்தில் ஒரு தானியங்கிப் பதில் வந்தது, பயன்படுத்திய காலத்துக்குப் பணம் திரும்பாது என்று. மூன்றாம் நாளே அழித்த ஆப்பை எப்படிப் பயன்படுத்தியிருப்பார் என்று திரும்ப எழுதினேன். அதற்கும் அதே பதில்தான் வந்தது, ஒரு எழுத்து மாறாமல்.

அய்யா, அக்கா ரகசிய எண் போட்டது உண்மை. வங்கி விதியை மீறவில்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தானாகப் பணம் எடுக்கும் அனுமதியைப் பதிவு செய்யும்போது ஒருமுறை எண்ணைப் போட வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும். எண் கேட்காமல் எடுக்கக்கூடிய உச்சவரம்பு 2019-ல் 2,000 ரூபாயாக இருந்து, 5,000 ஆகி, 2022 ஜூனில் 15,000 ஆனது. மாதா மாதம் கரண்ட் பில், இன்சூரன்ஸ் கட்டுகிறவர்களுக்கு இது வசதிதான், மறுக்கவில்லை. அக்காவுக்கும் அந்த முன்தகவல் வந்திருக்கிறது. எஸ்எம்எஸ் பெட்டியைத் திறந்து காட்டினேன். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று குவிந்து கிடந்த விளம்பரங்களுக்கு நடுவே, ஆங்கிலத்தில், அவர் கேள்விப்படாத கம்பெனியின் பெயரில், மேண்டேட் (தானாக எடுக்கும் அனுமதி) என்ற சொல்லோடு அது கிடந்தது. சட்டப்படி அவருக்கு அறிவிப்பு கொடுத்தாயிற்று.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது மொழி. விளம்பரம் தமிழில் இருந்தது. கதை தமிழில், வசனம் நல்ல மதுரைத் தமிழில். பூட்டு வந்த இடத்தில் "தொடர்ந்து பார்க்க" என்பதும் தமிழில். அந்த ஒரு ரூபாய் பெரிதாக, மஞ்சள் நிறத்தில். அதன் கீழே சாம்பல் நிறத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருந்தது. இத்தனை நாளுக்குப் பிறகு மாதம் 199, நீங்களாக நிறுத்தும் வரை. அந்த வரி மட்டும் ஆங்கிலம். நான் அதே ஆப்பை என் போனில் இறக்கி, ஒவ்வொரு திரையையும் படம் பிடித்து வைத்திருக்கிறேன். தமிழில் அழுகிற, சிரிக்கிற, சாபம் விடுகிற ஆப்புக்கு, காசைப் பற்றிப் பேசும்போது மட்டும் தமிழ் மறந்துவிடுகிறது.

உங்கள் ஆணையம் 2023 நவம்பர் 30-ல் அறிவித்த வழிகாட்டு விதிகளை ஒரு வழக்கறிஞர் நண்பரோடு உட்கார்ந்து படித்தேன். பதின்மூன்று வகைத் தில்லுமுல்லுகளைப் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறீர்கள். அதில் சந்தாப் பொறி என்று ஒன்று. நிறுத்தும் வழியை ஒளித்து வைப்பது பொறி என்கிறீர்கள். இலவசச் சந்தா தருவதற்குப் பணம் செலுத்தும் விவரத்தையோ, தானாகக் காசு எடுக்கும் அனுமதியையோ கட்டாயப்படுத்திக் கேட்பதும் பொறி என்கிறீர்கள். நல்ல விதி, குறையே சொல்ல முடியாது. இலவசமாகக் காட்டிவிட்டு அனுமதி கேட்டால் விதியில் மாட்டிக்கொள்வார்கள். ஒரு ரூபாய் வாங்கிவிட்டால் அது இலவசம் இல்லையே என்று வாதாடலாம். எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்த ஒரு ரூபாயால் எந்தக் கம்பெனிக்கும் வருமானம் கிடையாது. அது சாவி.

இது எனக்குப் புதிய காட்சியும் இல்லை. கடை போட்ட புதிதில் காலர் டியூன் காலம். "நேத்து அம்பது ரூவாய்க்குப் போட்டேன், இன்னைக்கு இருவதுதான் இருக்கு" என்று தினமும் ஒருவர் சண்டைக்கு வருவார், நான்தான் திருடிவிட்டேன் என்று. யாருக்கோ போன் போட்டபோது பாட்டுப் பிடித்துப்போய் ஏதோ பொத்தானை அழுத்தியிருப்பார், இல்லை அதுகூடச் செய்திருக்க மாட்டார். மாதா மாதம் முப்பது ரூபாய் கழியும். போன் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் டிராய் 2013 ஜூலையில் ஓர் உத்தரவு போட்டது. இந்த மாதிரிக் கூடுதல் சேவைகளைத் தொடங்குமுன் வாடிக்கையாளரிடம் இரண்டு தடவை சம்மதம் கேட்க வேண்டும் என்றது. நிறுத்துவதற்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக 155223 என்ற ஒரே எண் இருந்தது. அந்த எண்ணை அட்டையில் பெரிதாக எழுதிக் கடையில் தொங்கவிட்டேன். ஆறு மாதத்தில் சண்டை குறைந்தது. முப்பது ரூபாய் பாட்டுக்கு இரண்டு சம்மதம் கேட்கச் சொன்ன நாட்டில், முப்பது வருட அனுமதிக்கு ஒன்று போதும் என்கிறோம்.

மற்றக் கதைகளைச் சுருக்கிச் சொல்கிறேன். வேலைக்கு விண்ணப்பிக்கச் சான்றிதழ்களைப் பிடிஎஃப் ஆக மாற்ற ஓர் ஆப் இறக்கினாள் ஒரு பெண். மூன்று நாள் இலவசம் என்று போட்டிருந்தது. நாலாம் நாள், மாதக் கட்டணம்கூட இல்லை, ஒரு வருடத்துக்கான சந்தா மொத்தமாகப் போய்விட்டது. என் கடையில் ஜெராக்ஸ் மெஷினிலேயே ஸ்கேன் செய்திருந்தால் இருபது ரூபாய். மகள் கல்யாணம் தள்ளிப்போன கவலையில் ஒரு பெரியவர் ஜோதிட ஆப்பில் பேசினார். முதல் பேச்சு இலவசம். ஜோதிடர் "ஒரு முக்கியமான தோஷம் இருக்கு" என்று சொல்லி நிறுத்தியபோது இலவச நிமிடம் முடிந்தது; அப்புறம் நிமிடக் கணக்கு. தோஷத்தின் பெயரைத் தெரிந்துகொள்ளவே அவருக்கு நானூறு ரூபாய்க்கு மேல் ஆயிற்று.

பையன்களின் விளையாட்டுகளைப் பற்றி எழுதும்போது என்னையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். விளையாட்டை இறக்க ஒரு பைசா வேண்டாம். உள்ளே போனால் துப்பாக்கிக்கு நிறம், சட்டைக்கு நெருப்பு, எல்லாம் டைமண்ட் என்ற விளையாட்டுக் காசுக்கு. டைமண்ட் வாங்க ரீடீம் கோடு வேண்டும். அந்தக் கோடை விற்பது என் மாதிரிக் கடைக்காரர்கள். எட்டாம் வகுப்புப் பையன் எண்பது ரூபாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வருவான். கொடுப்பேன், எனக்குச் சிறு கமிஷன். ஒருநாள் அவன் அம்மா வந்து, உண்டியலில் சேர்த்த கொடை விழாக் காசு அத்தனையும் உங்கள் கடைக்குத்தான் வந்திருக்கிறது என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. அன்றிலிருந்து சீருடையில் வருபவர்களுக்குக் கோடு விற்பதில்லை. பக்கத்துக் கடையில் கிடைக்கிறது என்பதும் தெரியும்.

இலவச ஆப்பில் காசு வாங்குவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. ஆப் செய்கிறவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். விளம்பரம் காட்டிச் சம்பாதிக்கட்டும். நான் தினமும் தமிழ்ச் செய்தி படிக்கும் ஆப் அப்படித்தான், ஒவ்வொரு செய்திக்கு நடுவிலும் ஒரு ஜட்டி விளம்பரம், தொலையட்டும். ஐஆர்சிடிசி ஆப்பை இறக்கக் காசில்லை. டிக்கெட் போட்டால் யுபிஐ வழியாகக் கட்டும்போது ஏசி இல்லாத பெட்டிக்கு 10 ரூபாய், ஏசிக்கு 20 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று வசதிக் கட்டணம் வாங்குகிறார்கள். அது நியாயமா என்று டீக்கடையில் சண்டை போடலாம். ஆனால் பணம் கட்டுமுன் கணக்கில் தனி வரியாகக் கண்ணுக்குத் தெரிகிறது. பணம் செலுத்தும் ஆப்கள் சில, ரீசார்ஜ் இலவசம் என்று சொல்லியே என் கடை வாசல் கூட்டத்தைக் கலைத்தன. கூட்டம் கலைந்த பிறகு அவையும் ரீசார்ஜுக்கு ஒன்றிரண்டு ரூபாய் சேர்த்து வாங்க ஆரம்பித்துவிட்டன. எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு, மறைக்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு ரூபாயைத் திரையில் காட்டிவிட்டுத்தான் வாங்குகிறார்கள், ஒரே ஒரு தடவைதான் வாங்குகிறார்கள்.

இலவசம் என்ற சொல்லைக் கேள்வி கேட்ட நாடுகள் இருக்கின்றன. உள்ளே காசு கேட்கும் விளையாட்டுகளை இலவசம் என்று சொல்லி மக்களைத் திசைதிருப்பக் கூடாது என்று 2014-ல் ஐரோப்பிய ஆணையம் கம்பெனிகளை நெருக்கியது. ஆப்பிள் தன் ஆப் கடையில் இலவசம் என்று இருந்த பொத்தானை அதே வருடம் நவம்பரில் 'பெறு' என்று மாற்றிவிட்டது. பிள்ளைகள் பெற்றோர் சம்மதம் இல்லாமல் விளையாட்டுக்குள் வாங்கியதற்காக, அமெரிக்காவில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி தலையிட்டு, அதே 2014-ல் ஆப்பிளிடமிருந்து குறைந்தது 3.25 கோடி டாலரும் கூகுளிடமிருந்து குறைந்தது 1.9 கோடி டாலரும் மக்களுக்குத் திரும்ப வர வைத்தது. ஒவ்வொரு அம்மாவும் தனித்தனியாகக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

இங்கே அக்கா என்ன செய்ய முடியும்? மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் திருச்சிக்குப் போக வரப் பஸ் செலவு, ஒருநாள் முறுக்கு வேலை போய்விடும், அதுவும் ஒருமுறை போனால் முடியாது. 796 ரூபாய்க்காக யார் போவார்கள்? 199 என்று விலை வைத்தவருக்கும் இந்தக் கணக்கு தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஐயாயிரம் எடுத்தால் போலீசுக்குப் போவார்கள், ஐம்பதாயிரம் எடுத்தால் டிவிக்காரர்கள் வருவார்கள். 199 எடுத்தால் "போகட்டும், இனிமே ஜாக்கிரதையா இரு" என்று புருஷன் திட்டுவதோடு முடிந்துவிடும். எத்தனையோ வீடுகளில் அந்தத் திட்டோடுதான் முடிந்திருக்கிறது. இப்படிப் பணம் இழந்தவர்களைப் பற்றி நான் எழுதிவரும் நோட்டில் இருப்பவர்கள் என்னிடம் வந்தவர்கள் மட்டும்.

தனித்தனியாகப் போக முடியாதவர்களுக்காகத்தானே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் ஆணையத்தை உண்டாக்கியது? ஒரு கூட்டமாகப் பாதிக்கப்பட்ட நுகர்வோருக்காகப் புகார் வராமலே விசாரிக்கலாம், நடைமுறையை நிறுத்தச் சொல்லலாம், தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரை, மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை அபராதம் போடலாம். போட்டும் இருக்கிறீர்கள். 2025 ஆகஸ்டில், ஐந்து நிமிடத்தில் ஆட்டோ வராவிட்டால் ஐம்பது ரூபாய் தருவோம் என்று விளம்பரம் செய்த ஒரு வாடகை வண்டி ஆப்புக்குப் பத்து லட்சம் அபராதம் விதித்து, ஐம்பது ரூபாய் கிடைக்காதவர்களுக்கு அதைக் கொடுக்கச் சொன்னீர்கள். நிபந்தனையைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டதையும் அதில் கண்டித்தீர்கள். அந்தச் செய்தியைக் கத்தரித்துக் கடையில் ஒட்டியிருக்கிறேன். ஐம்பது ரூபாயைத் திரும்ப வாங்கித் தர முடிந்த ஆணையத்தால் 199-ஐயும் வாங்கித் தர முடியும்.

ஆகவே கேட்கிறேன்.

தானே தணிக்கை செய்துகொள்ளுங்கள் என்பதை நிறுத்திவிட்டு, சந்தா வாங்கும் ஆப்களை உங்கள் ஆட்களே சோதிக்க வேண்டும். ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனும் ஆயிரம் ரூபாய் போட்ட ஒரு வங்கிக் கணக்கும் போதும். இறக்கி, ஒரு ரூபாய் கட்டி, மறுநாள் அழித்துவிட்டு, மாதக் கடைசியில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். குறுங்கதை ஆப், ஜோதிட ஆப், பிடிஎஃப் ஆப், பிள்ளைகளின் விளையாட்டு, இந்த நாலு வகையில் தொடங்கினால்கூடப் போதும்.

ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சோதனைக் காலத்தையும் இலவசச் சந்தாவாகவே கருத வேண்டும் என்று 2023 விதிகளில் ஒரு விளக்கம் சேருங்கள். சாவி எவ்வளவு விலைக்கு விற்கப்பட்டது என்பது முக்கியமாக இருக்கக் கூடாது.

சோதனைக் காலம் முடிந்து முதல் முழுத் தொகையை எடுக்குமுன் மறுபடி ஒருமுறை ரகசிய எண் கேட்கும்படி செய்ய வேண்டும். இது உங்கள் கையில் மட்டும் இல்லை என்பது தெரியும். ரிசர்வ் வங்கிக்கும் யுபிஐ-யை நடத்தும் தேசியப் பணப் பட்டுவாடாக் கழகத்துக்கும் நீங்கள் எழுத வேண்டும். அனுமதிக்கு ஒரு வருட ஆயுள் போதும் என்றும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.

எந்த மொழியில் விளம்பரம் செய்கிறார்களோ அந்த மொழியில், ஒரு ரூபாய் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவு எழுத்தில், பின்னால் எடுக்கப்போகும் தொகை இருக்க வேண்டும். முன்தகவலும் அந்த மொழியிலேயே, மக்களுக்குத் தெரிந்த ஆப்பின் பெயரோடு வர வேண்டும்.

ஆப் கடைகளில் நிறுவு என்ற பொத்தானுக்குப் பக்கத்திலேயே, உள்ளே குறைந்தது எவ்வளவு, அதிகம் எவ்வளவு கேட்பார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். இப்போது அது எங்கோ கீழே, விவரங்களுக்குள் புதைந்து கிடக்கிறது. ஆப்பை அழிக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் சந்தாவையும் நிறுத்தவா என்று கேட்கச் சொல்லுங்கள். யுபிஐ வழியாக நேரடியாகப் போட்ட சந்தாவுக்கும் அது பொருந்த வேண்டும்.

ஆப்பைத் திறக்கவே திறக்காத மாதங்களுக்கு எடுத்த பணத்தைத் திருப்பித் தர உத்தரவிடுங்கள். திறந்தாரா இல்லையா என்பது அந்தக் கம்பெனிகளின் கணினியிலேயே பதிவாகியிருக்கும். அக்கா நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை.

அப்புறம், 155223 மாதிரி ஓர் எண். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம் என்பதைக் கடைக்கு வருபவர்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அதிலேயே ஒரு பொத்தானை இதற்கு ஒதுக்கலாம்: அழுத்தினால், தன் கணக்கில் எந்தெந்த ஆப்புக்கு அனுமதி இருக்கிறது என்று ஒருவருக்குத் தமிழில் படித்துக் காட்டி, வேண்டாததை அங்கேயே நிறுத்திக் கொடுக்க வேண்டும். இந்த வேலையை நான் கூலி இல்லாமல் செய்வதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அடுத்தவர் வங்கித் திரையை ஒரு ரீசார்ஜ் கடைக்காரன் பார்க்க வேண்டியிருப்பது சரியில்லை. என்னை நம்பி ரகசிய எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். நான் காதைப் பொத்திக்கொள்கிறேன், எல்லாரும் பொத்திக்கொள்வார்களா?

திரைப் படங்களும், இரண்டு வருடமாக எழுதிவரும் நோட்டும் என்னிடம் இருக்கின்றன. பெயர்களையும் கணக்கு எண்களையும் மறைத்துவிட்டு அனுப்பத் தயாராக இருக்கிறேன். எங்கே அனுப்ப வேண்டும், யார் படிப்பார்கள் என்பதை மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
மணப்பாறையில் ஒரு ரீசார்ஜ் கடைக்காரன்